பார்சல் இப்போது எங்கே இருக்கிறது?

கைபேசித் திரையில் நான்கு வரிகள். சென்னையில் பதிவு செய்யப்பட்டது. பையில் கட்டப்பட்டது. பை அனுப்பப்பட்டது. மதுரையில் பை பெறப்பட்டது. நான்காவது வரி நேற்று அதிகாலையில் வந்தது. இப்போது மறுநாள் மாலை. உசிலம்பட்டியில் ஒருவர் காத்திருக்கிறார். கவருக்குள் இருப்பது அவருடைய பட்டச் சான்றிதழ். வேலையில் சேர அசலைக் காட்டியாக வேண்டும். மணிக்கொரு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். அதே நான்கு வரிகள்.

அவர் கேட்பது ஒரே கேள்வி: கவர் இப்போது எங்கே? அந்தக் கேள்விக்குத் திரையில் பதில் கிடையாது. கவர் கடைசியாக எங்கே, எப்போது பதிவானது என்பது மட்டுமே திரைக்குத் தெரியும். வெளியூர் போகும் பிள்ளை வழியில் ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் இறங்கி வீட்டுக்குப் போன் செய்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டு போன்களுக்கு இடையில் பிள்ளை எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதால் பிள்ளை தொலைந்துவிட்டது என்றும் ஆகாது. பார்சலின் டிராக்கிங் இப்படித்தான் நடக்கிறது. அதில் வரும் ஒவ்வொரு வரியும் ஒரு கைமாற்றத்தின் சாட்சி: இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இவர் கையிலிருந்து அவர் பொறுப்புக்குப் போனது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், குழப்பமாகத் தெரியும் பல வரிகள் தெளிவாகிவிடும். தெளிவாகாமல் எஞ்சுபவைதான் உண்மையில் கவலைப்பட வேண்டியவை.

எண்ணுக்குள் ஒரு காவல்

எல்லாம் ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறது. நாடுகளுக்கிடையே தபால் போக வேண்டுமானால் பொது விதிகள் வேண்டும் என்று 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதில் பிறந்ததுதான் இன்றைய உலக அஞ்சல் ஒன்றியம். இந்தியா 1876இல் அதில் சேர்ந்தது. பதிவாகும் அஞ்சல்களுக்கான 13 இடங்கள் கொண்ட எண்ணமைப்பை வகுத்திருப்பது அந்த ஒன்றியமே. 'எஸ் 10' என்பது அந்த விதியின் பெயர்.

முதலில் இரண்டு எழுத்துகள். அவற்றில் முதல் எழுத்து சேவையின் வகையைச் சொல்லும்: விரைவு அஞ்சலுக்கு 'இ', பதிவுத் தபாலுக்கு 'ஆர்', பார்சலுக்கு 'சி'. அடுத்து எட்டு இலக்க வரிசை எண். அதன்பின் தனியாக ஓர் இலக்கம். கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், இந்தியாவுக்கு 'ஐ.என்.'.

நடுவில் தனியாக நிற்கும் அந்த ஓர் இலக்கம்தான் காவல் இலக்கம். 12345678 என்ற வரிசை எண்ணை எடுத்துக்கொள்வோம். இதன் எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகிய எண்களால் பெருக்க வேண்டும். கிடைப்பவை 8, 12, 12, 8, 15, 30, 63, 56. கூட்டினால் 204. அதை 11ஆல் வகுத்தால் மீதி 6. 11இலிருந்து 6ஐக் கழித்தால் 5. ஆக, காவல் இலக்கம் 5. முழு எண்ணில் 12345678க்குப் பக்கத்தில் 5 நிற்கும். கழித்து வருவது 10 என்றால் 0 என்றும், 11 என்றால் 5 என்றும் போடுவார்கள்.

இப்போது யாரோ அவசரத்தில் முதல் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி 21345678 என்று தட்டிவிட்டார் என்று வையுங்கள். கூட்டுத்தொகை 206 ஆகிறது, மீதி 8, காவல் இலக்கம் 3 ஆக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் 5 இருப்பதால் கணினி உடனே மறுத்துவிடும். 11 ஒரு பகா எண் என்பதும், பெருக்கும் எட்டு எண்களும் ஒன்றுக்கொன்று வேறானவை என்பதும்தான் இதன் பலம். ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தாலும், இரண்டு இலக்கங்களை முன்பின்னாக மாற்றினாலும், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, கணக்கு உடைந்து தவறு வெளிப்படும். டிராக்கிங் பக்கம் 'செல்லாத எண்' என்று சொன்னால் பார்சலைப் பற்றிக் கவலைப்படும் முன் ரசீதை எடுத்து எண்ணை மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் செய்தி பெரும்பாலும் தட்டச்சுப் பிழையைத்தான் சொல்கிறது.

தனியார் கூரியர் நிறுவனங்கள் தத்தமக்கென வேறு எண்ணமைப்புகள் வைத்திருக்கின்றன. அஞ்சல் துறையின் எண்ணைக் கூரியரின் பக்கத்தில் போட்டால் எதுவும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

கோடுகள் சொல்லும் மூன்று செய்திகள்

எண்ணைக் கையால் எழுதிப் பதிந்த காலத்தில் வழியெங்கும் தடம் பிடிப்பது நடைமுறையில் முடியாத காரியம். அதை மாற்றியவை பட்டைக்கோடுகள். 1949இல் அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்த நார்மன் ஜோசப் உட்லண்ட், சிறுவயதில் கற்ற மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் நினைத்தபடி மணலில் விரல்களை இழுத்தார். தடித்தும் மெலிந்தும் விழுந்த அந்தக் கோடுகளே தகவலைச் சுமக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவரும் நண்பர் பெர்னார்ட் சில்வரும் 1952 அக்டோபரில் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அந்தக் கோடுகளை மலிவாகவும் விரைவாகவும் படிக்கும் லேசரும் கணினியும் அப்போது இல்லை. 1974 ஜூன் 26 அன்றுதான் ஒஹாயோ மாநிலத்தின் டிராய் ஊர்க் கடை ஒன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டு விற்பனையானது.

பார்சல் உலகில் இதைப் பெரிய அளவில் கையாண்ட நிறுவனங்களில் முக்கியமானது ஃபெடெக்ஸ். 1973 ஏப்ரல் 17 இரவு மெம்ஃபிஸ் நகரிலிருந்து 14 சிறிய விமானங்களுடன் அது வேலையைத் தொடங்கியது. அன்று 25 நகரங்களுக்கு 186 பொட்டலங்கள். 1979இல் பொட்டலங்களையும் வண்டிகளையும் ஊழியர்களையும் ஒருசேரக் கண்காணிக்கும் மையக் கணினி அமைப்பு வந்தது. 1986இல் ஊழியர்களின் கைகளுக்குப் பட்டைக்கோடு படிக்கும் கருவி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று இந்தியாவில் ஸ்பீடு போஸ்ட் தொடங்கியது. 1994இல் ஃபெடெக்ஸ் தன் இணையதளத்தில் வாடிக்கையாளரே எண்ணைப் போட்டுப் பார்க்க வழி செய்தது. அதுவரை நிறுவனத்தின் உள் விவகாரமாக இருந்த பதிவேடு, அன்றிலிருந்து எல்லோர் கண்ணுக்கும் திறந்தது.

ஒரு ஸ்கேன் மூன்று செய்திகளை மட்டுமே பதிகிறது: எந்தப் பொருள், எந்த இடம், எந்த நேரம். கருவியை வைத்திருக்கும் ஊழியர் நான்காவதாக, நடந்தது என்ன என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்: பெறப்பட்டது, அனுப்பப்பட்டது, கொடுக்கப்பட்டது. கவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளில் மின்கலமும் கிடையாது, ஜி.பி.எஸ். கருவியும் கிடையாது. உணவு டெலிவரியில் நாம் பார்க்கும் நகரும் வரைபடம் வண்டி ஓட்டுபவரின் கைபேசி சொல்லும் இடம். நெடுந்தூர லாரிகளிலும் ஜி.பி.எஸ். உண்டு, அது லாரி எங்கே என்று சொல்லுமே தவிர, நம் பொருள் அந்த லாரியில்தான் இருக்கிறதா என்று தானாகச் சொல்லாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஸ்கேன் செய்தால் பதிவு கருவியிலேயே தங்கி, தொடர்பு கிடைத்ததும் மொத்தமாகப் போய்ச் சேரும். ஒரு நாள் முழுக்க அசையாத பக்கத்தில் திடீரென்று மூன்று வரிகள் சேர்ந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். பொருள் நகர்ந்துகொண்டேதான் இருந்தது. செய்தி மட்டும் தாமதித்தது.

பைக்குள் போனபின்

இப்போது வரிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இணையத்தில் ஒரு பொருளை வாங்கினால் முதலில் வருவது பெரும்பாலும் 'தகவல் பெறப்பட்டது' அல்லது 'லேபிள் உருவாக்கப்பட்டது' என்ற வரி. விற்பவரின் கணினி கூரியரின் கணினிக்குச் செய்தி அனுப்பிவிட்டது என்பதே இதன் பொருள். பெட்டி இன்னும் விற்பவரின் அலமாரியிலேயே இருக்கலாம். கூரியர் அதைக் கையில் வாங்கும்வரை பொறுப்பு மாறவில்லை. இந்த வரியோடு நாள் கடந்தால் கேட்க வேண்டியது விற்பவரை. கூரியரைக் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது 'பதிவு செய்யப்பட்டது' அல்லது 'எடுக்கப்பட்டது'. முதல் உண்மையான கைமாற்றம் இதுவே. நாட்களை எண்ணத் தொடங்க வேண்டியதும் இங்கிருந்துதான்.

அதன்பின் வரும் 'பையில் கட்டப்பட்டது' என்ற வரிதான் டிராக்கிங்கின் சூட்சுமம். ஒரே திசையில் போகும் நூற்றுக்கணக்கான கவர்களை ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியே ஸ்கேன் செய்துகொண்டிருக்க முடியாது. ஆகவே ஒருமுறை ஸ்கேன் செய்து பையில் போட்டு, வாயைக் கட்டி, பைக்கே ஒரு பட்டைக்கோடு ஒட்டுகிறார்கள். இந்தப் பைக்குள் இந்த எண்கள் உள்ளன என்ற பட்டியல் கணினியில் இருக்கும். அங்கிருந்து வழியில் ஸ்கேன் ஆவது பை. பை ஓரிடத்தில் பதிவானதும், அதற்குள் இருப்பதாகப் பட்டியலில் உள்ள எல்லாக் கவர்களின் பக்கங்களிலும் ஒரு வரி சேர்கிறது.

ஆகவே 'பை பெறப்பட்டது' என்பதும் 'பொருள் பெறப்பட்டது' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் யாரும் உங்கள் கவரைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்கள், கவர் உள்ளே இருக்கிறது என்று கணினி அனுமானித்தது. பின்னதில் பை திறக்கப்பட்டு, கவர் வெளியே எடுக்கப்பட்டு, கருவியின் ஒளி அதன்மேல் விழுந்திருக்கிறது. முன்னது ஊகம், பின்னது நேர்ச் சாட்சி. கட்டும்போது ஒரு கவர் பைக்கு வெளியே விழுந்துவிட்டால், பக்கத்தில் வரிகள் ஊர் ஊராக நகரும், கவர் பழைய இடத்திலேயே கிடக்கும். அரிதாகவே இப்படி நடக்கும் என்றாலும், பை திறந்த இடத்தில் 'பொருள் பெறப்பட்டது' என்ற வரி வராமலே போனால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

உசிலம்பட்டிக்காரரின் கவருக்கு வருவோம். மதுரையில் பை பெறப்பட்டது என்பது நான்காவது வரி. இனி அந்தப் பையைத் திறந்து, உள்ளே உள்ளவற்றை அலுவலகவாரியாகப் பிரித்து, உசிலம்பட்டிக்கான இன்னொரு பையில் கட்டி, அன்றைய வண்டி போய்விட்டிருந்தால் அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். உசிலம்பட்டியில் பை திறந்து, தபால்காரர்கள் சுற்றும் பகுதிகளான பீட்டுகளுக்குப் பிரித்த பிறகே பட்டுவாடா. அவர் வீடு கிளை அஞ்சலகத்தின்கீழ் வரும் கிராமத்தில் இருந்தால் இன்னும் ஒரு பை, இன்னும் ஒரு வண்டி. ஒன்றரை நாள் மௌனத்துக்கு இதற்குள் தாராளமாக இடம் இருக்கிறது.

நேர்வழியை விட்டுச் சுற்றுவது ஏன்?

பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பிய பார்சல் எதிர்த்திசையில் ஒரு பெருநகருக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்துப் பலர் தவறு நடந்துவிட்டதாகப் பயப்படுகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 25 ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 25 × 24 ÷ 2, அதாவது 300 தடங்கள் வேண்டும். நடுவில் ஒரு மையம் வைத்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து பிரித்தால் ஊருக்கு ஒரு தடமாக 25 போதும். 300 தடங்களில் பாதி காலியாக ஓடும் வண்டிகளை வாரத்துக்கு இரண்டு முறைதான் விட முடியும். 25 தடங்களில் தினமும் நிரம்பிய வண்டி விடலாம். தூரம் கூடுகிறது, காத்திருப்பு குறைகிறது. சுற்றிப் போகும் பார்சல் பெரும்பாலும் சீக்கிரமே வந்து சேரும். ஊழியர்கள் 'ஹப்' என்று சொல்வது இந்த மையத்தைத்தான்.

எந்த ஹப்புக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வதில் பின்கோடு முக்கியமானது. மத்திய அரசின் தகவல்தொடர்பு அமைச்சக அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கரின் முயற்சியில் 1972 ஆகஸ்ட் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல மொழிகளில் பல எழுத்துக்கூட்டல்கள் என்ற சிக்கலுக்கு ஆறு இலக்கங்களில் தீர்வு கிடைத்தது. முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றுக்கு 6. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து பிரிப்பு மாவட்டத்தைச் சொல்லும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு உரியவை. முதல் மூன்றில் பிழை இருந்தால் பொருள் வேறு மாவட்டத்துக்கே போய்விடும். கடைசி மூன்றில் பிழை என்றால் பெரும்பாலும் பக்கத்து அஞ்சலகம் வரை போய்த் திரும்பும். இரண்டும் தாமதம்தான் என்றாலும் முன்னது பல நாட்களைத் தின்னும். முகவரியின் எந்த வரியைச் சுருக்கினாலும் பின்கோட்டில் மட்டும் அலட்சியம் கூடாது.

கடல் கடக்கும்போது

வெளிநாட்டுக்குப் போகும் விரைவு அஞ்சலுக்கு நாடுகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ள முக்கியமாக ஒன்பது நிகழ்வுகள் வரையறுக்கப்பட்டுள்ளன. ஏற்கப்பட்டது, அனுப்பும் நாட்டின் பரிமாற்ற அலுவலகத்துக்கு வந்தது, அங்கிருந்து புறப்பட்டது, பெறும் நாட்டின் பரிமாற்ற அலுவலகத்துக்கு வந்தது, சுங்கத்தில் நிறுத்தப்பட்டது, அந்தப் பரிமாற்ற அலுவலகத்திலிருந்து வெளியேறியது, பட்டுவாடா அலுவலகத்துக்கு வந்தது, பட்டுவாடா முயற்சி பலிக்கவில்லை, பட்டுவாடா ஆனது. சென்னையில் வெளிநாட்டு அஞ்சல் அலுவலகம் பரிமாற்ற அலுவலகமாகச் செயல்படுகிறது.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையிலுள்ள மௌனம்தான் பலரை அலைக்கழிக்கிறது. 'புறப்பட்டது' என்றால் விமானம் ஏறிவிட்டது என்று பொருளல்ல. அஞ்சல் துறை பையை விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு விட்டுக்கொடுத்தது என்றுதான் பொருள். அதன்பின் பை சரக்குக் கிடங்கில் இடத்துக்காகக் காத்திருக்கலாம். வேறொரு நாட்டில் விமானம் மாறலாம். அந்த நேரமெல்லாம் கவரைத் தனியே ஸ்கேன் செய்யும் ஆள் யாரும் இல்லை. சுங்கத்தில் நிறுத்தப்பட்டது என்ற வரியும் அப்படியே அச்சப்பட வேண்டியதல்ல. சோதனைக்கான வரிசையில் நிற்பதும் ஆவணம் கேட்டு நிறுத்துவதும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. ஆவணம் கேட்டுக் கடிதமோ குறுஞ்செய்தியோ வருகிறதா என்பதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

வந்து சேரும் நாள் என்ற கணக்கு

'வியாழக்கிழமைக்குள் கிடைக்கும்' என்று திரை சொல்கிறது. இந்த வியாழன் எங்கிருந்து வந்தது?

சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலையில் ஓர் இரவுப் பயணம் போதும். ஆனாலும் கவர் கைக்கு வர இரண்டு மூன்று நாட்களாகின்றன. பயணத்தைவிடக் காத்திருப்பே அதிகம் என்பதே இதன் காரணம். அதோடு, காத்திருப்பு நிமிடக் கணக்கில் வளராது. மாலை வண்டி புறப்பட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பை தயாரானால், தாமதம் பத்து நிமிடமல்ல. மறுநாள் வண்டி வரை ஒரு முழு நாள். நடுவில் ஞாயிறு வந்தால் இரண்டு நாள். ஆகவேதான் தாமதங்கள் முழு நாட்களாகவே வருகின்றன.

இதற்குமேல் ஒரு பெருக்கல் இருக்கிறது. ஒரு பார்சல் ஐந்து கைமாற்றங்களைக் கடக்கிறது, ஒவ்வொன்றும் குறித்த நேரத்தில் நடக்க 95 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் அருமையான நிர்வாகம். ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், ஐந்தும் சரியாக நடக்கும் வாய்ப்பு 0.95ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: சுமார் 77 விழுக்காடு. யாரும் சோம்பி இருக்காமலே, ஏறக்குறைய நான்கு பார்சல்களில் ஒன்று எங்கோ ஒரு வண்டியைத் தவறவிடுகிறது.

எனவே வந்து சேரும் நேரம் ஒற்றை எண்ணாக இருக்க முடியாது. அது ஒரு பரவல். சில பார்சல்கள் இரண்டு நாளில், பல மூன்று நாளில், கொஞ்சம் நான்கு ஐந்தில், மிகச் சில பத்து நாளில். இந்தப் பரவலின் இடப்பக்கம் செங்குத்தாக நிற்கும், ஏனெனில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குமுன் யாராலும் கொண்டுவர முடியாது. வலப்பக்கம் நீண்ட வால். இதிலிருந்து ஒரே ஒரு நாளைத் தேர்ந்து நமக்குச் சொல்ல வேண்டும். சரிபாதிப் பார்சல்கள் வந்து சேரும் நாளைச் சொன்னால் பாதிப்பேர் ஏமாறுவார்கள். எல்லாப் பார்சல்களும் வந்துவிடும் நாளைச் சொன்னால் யாரும் பொருளே வாங்க மாட்டார்கள்.

நடுவில் எங்கே நிற்பது என்பதற்குக் கணிதத்தில் தெளிவான விடை உண்டு. ஒரு நாள் பிந்துவதால் வரும் இழப்பு, தேவைக்கு மேல் ஒரு நாள் தள்ளிச் சொல்வதால் வரும் இழப்பைப்போல ஒன்பது மடங்கு என்றால், பத்தில் ஒன்பது பார்சல்கள் வந்துவிடும் நாளைச் சொல்வதே உகந்தது. மடங்கு கூடினால் தேதி பின்னே தள்ளிப் போகும். சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்பே பல பொருட்கள் வந்துவிடுவதன் ரகசியம் இதுதான். சொன்ன நாளில் வராமல் போவதும் இதே கணக்கில் முன்பே இடம்பெற்ற ஒன்றுதான்.

தீபாவளி வந்தால் கணக்கு ஏன் குலைகிறது? கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்னர் கிராருப் எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது வரிசைக் கோட்பாடு. அதன் எளிய மாதிரி ஒன்று: வேலைகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வருகின்றன, செய்ய ஒருவர் இருக்கிறார். அவருடைய திறனில் பாதி பயன்படும்போது, வரும் வேலை சராசரியாக ஒரு வேலைக்கான நேரம் வரிசையில் காத்திருக்கும். 80 விழுக்காடு பயன்பட்டால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது. சுமை 90இலிருந்து 95க்கு ஏறியது சின்ன ஏற்றம்; காத்திருப்போ இரண்டு மடங்குக்கு மேல். பண்டிகை வாரத்தில் பிரிப்பு நிலையத்துக்கு வரும் பொருள் கொஞ்சம் கூடினாலே மலையாகக் குவிவது இதனால்தான். அங்கே இரவெல்லாம் நின்று பிரிப்பவர்களின் வேகம் குறைந்திருக்காது, கூடித்தான் இருக்கும்.

தேதி நடுவழியில் மாறுவதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஐந்து கைமாற்றங்களும் தெரியாதவை. பார்சல் நம் ஊர் ஹப்புக்கு வந்துவிட்டால் ஒன்றோ இரண்டோதான் மிச்சம். பரவல் குறுகுகிறது, புதிய தகவலோடு புதிய கணிப்பு வருகிறது. கணிப்பை மாற்றிக்கொள்ளும் அமைப்பு மாற்றாத அமைப்பைவிட நம்பத்தக்கது.

மௌனம் எப்போது அர்த்தம் மாறுகிறது?

காத்திருப்பவருக்கு மிகவும் தேவையான கணக்கு இது. ஒரு கட்டத்தை 1,000 பார்சல்கள் கடப்பதாக, விளக்கத்துக்காக, எண்களை நாமே வைத்துக்கொள்வோம். 950 ஒரே நாளில் கடந்துவிடுகின்றன. 40 இரண்டாம் நாளில். 5 மூன்றாம் நாளில். மீதி 5 உண்மையிலேயே சிக்கிக்கொண்டவை: லேபிள் கிழிந்தவை, தவறான பையில் போனவை.

தொடக்கத்தில் உங்கள் பார்சல் சிக்கியதாக இருக்க வாய்ப்பு 1,000இல் 5. ஒரு நாள் மௌனத்துக்குப் பிறகு மிச்சம் இருப்பவை 50. அவற்றில் சிக்கியவை 5. வாய்ப்பு பத்தில் ஒன்று. இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு மிச்சம் 10; சிக்கியவை 5. வாய்ப்பு சரிபாதி. முதல் நாளின் மௌனமும் மூன்றாம் நாளின் மௌனமும் திரையில் ஒரேபோலத் தெரிகின்றன; அவை சொல்லும் செய்தி வேறு. முதல் நாளில் போன் செய்வது பெரும்பாலும் வீண் பதற்றம். ஒரு கட்டத்துக்கு வழக்கமாக ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு கடந்தபின்னும் போன் செய்யாமல் இருப்பது வீண் பொறுமை.

கடைசி மைல்

'பட்டுவாடாவுக்குப் புறப்பட்டது' என்ற வரி வந்ததும் வாசலைப் பார்க்கத் தொடங்குகிறோம். காலையில் ஊழியர் தன் பங்கு முழுவதையும் மொத்தமாக ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டார் என்பதே அதன் பொருள். உங்கள் வீடு முதலாவதாகவும் இருக்கலாம், கடைசியாகவும் இருக்கலாம். 20 வீடுகளுக்கு எந்த வரிசையில் போவது என்பதற்கு உள்ள வழிகள் சுமார் 24 ஆயிரம் கோடி கோடி. 24க்குப் பின்னால் 17 சுழியங்கள். பல ஆண்டுகள் ஒரே பீட்டில் நடந்த தபால்காரர் இதற்கு நல்ல விடை ஒன்றைக் கால்களில் வைத்திருக்கிறார். மழை, லிஃப்ட் இல்லாத மாடி, ரொக்கமாகக் கட்ட வேண்டிய இடத்தில் சில்லறை இல்லாமை எல்லாம் அந்த விடையை நாள்தோறும் கலைக்கின்றன.

இங்கேதான் ஒரு பொய்யும் நுழைகிறது. வீட்டில் ஆள் இருக்கும்போதே 'கதவு பூட்டியிருந்தது', 'முகவரிதாரரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற வரிகள் வருவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரு நாளில் கொடுத்து முடிக்க முடியாத எண்ணிக்கையைக் கையில் திணித்து, திரும்பக் கொண்டுவந்தால் கணக்குக் கேட்கும் அமைப்பில், முயன்றதாகப் பதிவு செய்துவிடும் ஆசை எழுவது வியப்பல்ல. புரிந்துகொள்ளலாம்; ஆனால் ஏற்க முடியாது. எண், கோடு, பை, பட்டியல் என இத்தனை பேர் உண்மையாகப் பதிந்த வரிகளின் மதிப்பை ஒரு பொய் வரி அழித்துவிடுகிறது. அடுத்த முறை உண்மையாகவே பூட்டியிருந்த கதவையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஓ.டி.பி. கேட்டுக் கொடுப்பதும் கையெழுத்து வாங்குவதும் கடைசிக் கைமாற்றத்துக்கு இரண்டாவது சாட்சியைச் சேர்க்கும் முயற்சிகள். பொருள் கையில் வருமுன் ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாது என்பதன் காரணமும் அதுவே: சொன்ன கணம் உங்கள் சாட்சியமும் பதிவாகிவிடுகிறது.

எதைக் கேட்க வேண்டும்?

விசாரிக்க நேர்ந்தால் 'என் பார்சல் எங்கே?' என்று கேட்பதைவிடக் கூர்மையான கேள்விகள் உண்டு. கடைசி வரி பையைப் பற்றியதா, பொருளைப் பற்றியதா? பை என்றால், பையின் எண் என்ன, அது எங்கே திறக்கப்பட்டது, திறந்தபோது பட்டியலில் இருந்த எல்லாம் உள்ளே இருந்தனவா? பொருள் என்றால், கடைசியாகப் பெற்ற அலுவலகத்திலிருந்து அடுத்து எந்தப் பையில் ஏறியது? இந்தக் கேள்விகளுக்குப் பதிவேட்டில் பதில் இருக்கிறது. கேட்பவருக்கு இந்த முறை தெரியும் என்று உணர்ந்தால் பதில் சொல்பவரும் தேடிப் பார்க்கிறார்.

நிறுவனங்களிடமும் அரசிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த மாதத்தில், எத்தனை நாளாகும் என்பதற்கான பரவல் கோடிக்கணக்கான பழைய பார்சல்களின் பதிவுகளில் கிடக்கிறது. அந்தப் பரவலிலிருந்து ஒரு தேதியை மட்டும் பிடுங்கித் தருவதற்குப் பதிலாக, 'வியாழனுக்குள் வர பத்தில் ஏழு வாய்ப்பு, சனிக்குள் பத்தில் ஒன்பது' என்று சொல்லலாம். மழைக்கான வாய்ப்பை விழுக்காட்டில் படிக்கப் பழகிய நமக்கு இது புரியாமல் போகாது. வேலைக்கான சான்றிதழுக்கும், மருந்துக்கும், விசாவுடன் திரும்ப வேண்டிய பாஸ்போர்ட்டுக்கும் காத்திருப்பவர் அந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் தன் பயணத்தையும் விடுப்பையும் திட்டமிட முடியும். அந்த எண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது; அதை நமக்கும் காட்டுவது அவர்களின் கடமை.